கிளிநொச்சிக்கு எந்த நேர வலயம்?

கேள்வி: வணக்கம் அண்ணா. பரந்தனில் இருந்து எழுதுகிறேன். கிளிநொச்சியில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு, இணையவழி வகுப்புகளின் நேர அட்டவணைச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன். மாணவர்கள் எல்லாரும் வன்னிப் பிள்ளைகள். ஆசிரியர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு எத்தனை மணி முன்னே, எத்தனை மணி பின்னே என்று ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் எண்ணைச் சேமித்திருந்தேன். 2025 மார்ச் நடுவில், சனிக்கிழமை இரவு 7 மணி வகுப்புக்கு ரொறன்ரோ ஆசிரியர் ஒரு மணி நேரம் முந்தி வந்து, ஒருவரும் இல்லாமல் காத்திருந்தார். லண்டன் ஆசிரியருக்கு ஒரு குறையும் வரவில்லை. மாத முடிவில் அவருக்கும் அதே கதி. ரொறன்ரோவைத் திருத்துவதற்குப் பட்டியலில் இருந்த ‘எட்சி/ஜிஎம்டி-4’ என்பதைத் தெரிவுசெய்தேன், காலை 9.30 என்று காட்ட வேண்டிய இடத்தில் மாலை 5.30 என்று காட்டியது. சென்னையிலிருந்து வரும் கோப்பில் ‘19:00 ஐஎஸ்டி’ என்று இருப்பது எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் போனதும் இரவு 10.30 ஆகிவிடுகிறது. இதற்கிடையில் ஊரில் ஒரு சாத்திரியார் சாதகம் கணிக்கச் செயலி கேட்டார். 2003இல் கிளிநொச்சியில் பிறந்த ஒருவரின் விவரத்தைப் போட்டால், அவர் கையால் கணித்த லக்கினம் வரவில்லை. அரை மணி பிசகுகிறது என்கிறார். இலங்கைக்கு எல்லா இடத்திலும் ‘ஏசியா/கொலம்போ’ என்றுதான் போட்டிருக்கிறேன். வன்னிக்கு வேறு வலயம் ஏதும் இருக்கிறதா? எங்கே பிழை விட்டேன்?

— வாசகி, பரந்தன்

பதில்: தங்கைக்கு வணக்கம். சாத்திரியார் சொல்வது சரி. அதிலிருந்தே தொடங்குகிறேன், அது விளங்கினால் மற்ற மூன்றும் பாதி விளங்கிவிடும்.

1996 மே 25ஆம் திகதி பிறந்த நள்ளிரவில், மின்சார நெருக்கடியைக் காரணமாகச் சொல்லி இலங்கை அரசு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. யூடிசிக்கு ஐந்தரை மணி முன்னே இருந்த நாடு ஆறரை மணி முன்னே போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணியைத் திரும்ப எடுத்து ஆறு மணியில் நிறுத்தினார்கள். 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.30க்குத்தான் மணிக்கூடு மறுபடி 12.00க்குத் திரும்பி, நாடு பழைய ஐந்தரைக்கு வந்தது. இந்தப் பத்தாண்டுக் காலத்திலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே மணிக்கூடு ஐந்தரையிலேயே ஓடியது. வவுனியாவிலிருந்து ஓமந்தையைத் தாண்டி வடக்கே வந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்ப வேண்டியிருந்தது. உங்கள் வயதுக்கு நினைவிருக்காது; வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

இப்போது 2003க்கு வருவோம். பிள்ளை காலை 6.10க்குப் பிறந்தது என்று குடும்பத்தார் வன்னி மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்திருந்தால், யூடிசி கணக்கில் அது 00:40. உங்கள் செயலியோ ‘ஏசியா/கொலம்போ’ என்ற பெயரைப் பார்த்து, 2003இல் கொழும்பு ஆறு மணி முன்னே இருந்தது என்ற சரியான தகவலை எடுத்து, 00:10 என்று கணக்கிட்டது. அரை மணியில் பூமி ஏழரைப் பாகை சுழன்றுவிடும். ஒரு ராசிக்கு முப்பது பாகை என்பதால், நாலில் ஒரு பிறப்புக்கு லக்கினமே மாறிப்போக இடமிருக்கிறது. நிரலில் பிழையில்லை. கணக்கிலும் பிழையில்லை. இடத்துக்குக் கொடுத்த பெயர்தான் அந்தக் காலத்து வன்னிக்குப் பொருந்தவில்லை.

வன்னிக்குத் தனி வலயம் இல்லை. ஆனால் வன்னி மறக்கப்படவும் இல்லை. உலகத்துக் கணினிகளும் தொலைபேசிகளும் பெரும்பாலும் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தை 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். இப்போது போல் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். 2011 முதல், இணையப் பெயர்களையும் எண்களையும் பராமரிக்கும் ஐயானா அமைப்பு அதை வெளியிடுகிறது. அதில் ஆசியாவுக்கான கோப்பைத் திறந்து இலங்கைப் பகுதிக்குப் போங்கள். தரவு வரிகளுக்கு மேலே இருக்கும் குறிப்புகளில், புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் இந்தியாவோடு ஒத்த நேரத்தையே வைத்திருந்தார்கள் என்ற 2006 ஏப்ரல் மாத ரொய்ட்டர்ஸ் செய்தி எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே எகர்ட்டின் பரிந்துரை: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற பெயரைப் பயன்படுத்தலாம், 1970இலிருந்து இரண்டும் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன என்று. அந்தத் தரவுத்தளத்தின் அளவுகோலே 1970தான். அதற்குப் பிறகு எங்கேனும் மணிக்கூடு தனி வழி போயிருந்தால்தான் புதுப் பெயர் கிடைக்கும். வன்னியின் மணிக்கூடு கொழும்பிலிருந்து பிரிந்தது, ஆனால் கொல்கத்தாவிலிருந்து பிரியவில்லை. அதனால் பெயர் தேவைப்படவில்லை.

ஆகவே சாத்திரியாரின் செயலியில் அந்தப் பிறப்புக்குக் கொல்கத்தாவைப் போடுங்கள். ஆனால் ‘கிளிநொச்சி என்றால், 1996 முதல் 2006 வரை கொல்கத்தா’ என்று நிரலில் ஒரு நிபந்தனை எழுதி முடித்துவிட வேண்டாம். கிளிநொச்சி நகரம் 1996 செப்டெம்பரிலிருந்து 1998 செப்டெம்பர் வரை இராணுவத்தின் கையில் இருந்தது. வவுனியா நகரம் முழுக் காலமும் அரச நேரத்தில் இருந்தது. எல்லைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்த நாட்டில் ஊர்ப் பெயரை வைத்து நேரத்தை ஊகிக்க முடியாது. 1996 மே முதல் ஒக்டோபர் வரை வித்தியாசம் அரை மணியல்ல, முழு ஒரு மணி என்பதையும் மறக்கக் கூடாது. பிறந்த திகதி இந்த இடைவெளிக்குள் விழுந்தால், ‘இந்த நேரம் எந்த மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்தது?’ என்று செயலி கேட்கட்டும். பதிலைப் பயனர் தேர்ந்தெடுக்கட்டும். குடும்பம் சொன்ன நேரத்தைச் சொன்னபடியே ஒரு புலத்தில் வைத்திருங்கள். யூடிசிக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழித்தால், நாளைக்கு ‘இல்லை, அது அரச நேரம்’ என்று தாயார் சொல்லும்போது திரும்பிப் போக வழி இருக்காது.

இதில்தான் உங்கள் முதல் பிழையின் வேரும் இருக்கிறது. இன்றைக்குக் கொழும்புக்கும் கொல்கத்தாவுக்கும் ஒஃப்செட் (யூடிசியிலிருந்து உள்ள நேர வித்தியாசம்) ஒன்றுதான், +05:30. பெயர் இரண்டு, வரலாறு இரண்டு. ஒஃப்செட் என்பது ஒரு குடும்பம் இன்றிரவு தங்கியிருக்கும் இடம் என்றால், வலயப் பெயர் என்பது அந்தக் குடும்பத்தின் இடம்பெயர்வுப் பதிவு முழுவதும். பதிவு கையில் இருந்தால் எந்த நாளில் எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். இன்றைய இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதிவை எழுதிவிட முடியாது. +05:30 என்ற எண்ணைப் பார்த்து ‘இவர் இலங்கையர்’ என்று முடிவுகட்டும் நிரல்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சென்னைக்காரரும் அதே எண்ணில்தான் இருக்கிறார்.

ரொறன்ரோ ஆசிரியருக்கு நீங்கள் சேமித்தது -05:00 என்ற எண். குளிர்காலத்தில் அது சரி. கிளிநொச்சியில் இரவு 7.00 என்றால் அவருக்குக் காலை 8.30. கனடாவின் ஒன்ராறியோவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று மணிக்கூடு ஒரு மணி முன்னே போகும். 2025இல் அது மார்ச் 9. அன்றிலிருந்து அவருடைய ஒஃப்செட் -04:00, அதே வகுப்பு அவருக்கு 9.30. உங்கள் செயலி பழைய எண்ணை வைத்துக்கொண்டு 8.30 என்றே காட்டியது. அவர் அதை நம்பி வந்தார். இங்கே அப்போது மாலை 6.00. பிரித்தானியாவும் ஐரோப்பாவும் மாறுவது மார்ச்சின் கடைசி ஞாயிறு, 2025இல் மார்ச் 30. மூன்று வாரம் ரொறன்ரோ மட்டும் பிழை, பிறகு லண்டனும் பிழை என்று நீங்கள் கண்டதற்கு இதுதான் காரணம். இலையுதிர் காலத்தில் இந்த இடைவெளி ஒரு வாரம் மட்டுமே: ஐரோப்பா ஒக்டோபரின் கடைசி ஞாயிறு, கனடா நவம்பரின் முதல் ஞாயிறு. நாளைக்குச் சிட்னியில் ஓர் ஆசிரியர் கிடைத்தால் தலைகீழ்க் கணக்கு. அங்கே ஒக்டோபரில் முன்னே, ஏப்ரலில் பின்னே. இவற்றையெல்லாம் உங்கள் நிரலுக்குள் நீங்களே எழுத முனைய வேண்டாம். ‘அமெரிக்கா/ரொறன்ரோ’, ‘யூரோப்/லண்டன்’ என்று பெயரைச் சேமியுங்கள். அன்றைய ஒஃப்செட் என்ன என்பதை நீங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகம் பார்த்துச் சொல்லும்.

இனி ‘எட்சி/ஜிஎம்டி-4’. இந்தப் பொறியில் விழாத நிரலாளர் குறைவு. ரொறன்ரோ கோடையில் கிரீன்விச்சுக்கு நாலு மணி பின்னே, ஆகவே கழித்தல் நாலு என்று நினைத்தீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ‘எட்சி’ வகைப் பெயர்களில் குறி தலைகீழ்: அங்கே ஜிஎம்டி-4 என்பது கிரீன்விச்சுக்குக் கிழக்கே, நாலு மணி முன்னே. ரொறன்ரோவின் கோடைக்கு ஜிஎம்டி+4 என்றுதான் இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் தள்ளிப்போனது அதனால்தான்.

இது யாரோ கவனக்குறைவாக எழுதியதல்ல. இரண்டு மரபுகள் இருக்கின்றன. திகதியையும் நேரத்தையும் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரத்தில், உள்ளூர் நேரத்திலிருந்து யூடிசியைக் கழித்தால் கிடைப்பதே ஒஃப்செட். கிழக்கு கூட்டல், நமக்கு +05:30. யுனிக்ஸ் வழிவந்த போசிக்ஸ் தரத்தில் கேள்வி வேறு: உள்ளூர் நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் யூடிசி கிடைக்கும்? அமெரிக்கர்கள் தங்களுக்குக் கூட்டல் வரும்படி எழுதிய ஏற்பாடு அது. நியூயோர்க்குக்கு +5, நமக்குக் கழித்தல். ‘எட்சி’ பெயர்கள் இந்தப் போசிக்ஸ் மரபைப் பின்பற்றுகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் ‘கெட் டைம்சோன் ஒஃப்செட்’ என்ற செயற்கூறைக் கிளிநொச்சியில் ஓட்டிப் பாருங்கள், -330 நிமிடம் என்று வரும். அதுவும் யூடிசியிலிருந்து உள்ளூரைக் கழிப்பதுதான். ஓர் எண்ணைக் கண்டால், ‘எதிலிருந்து எதைக் கழித்தது?’ என்று கேளுங்கள். குறியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஜாவா மொழியில் ‘ஜிஎம்டி+5’ என்றால் ஐந்து மணி முன்னே. அதே ஜாவாவில் ‘எட்சி/ஜிஎம்டி+5’ என்றால் ஐந்து மணி பின்னே. முன்னொட்டு ஒன்று சேர்ந்ததும் பத்து மணி நேரம் இடம்மாறுகிறது! போஸ்ட்கிரெஸில் இன்னொரு வலை இருக்கிறது. நேர மதிப்பின் வாலில் ‘19:00+05:30’ என்று எழுதினால் ஐஎஸ்ஓ மரபு. நமது நேரமாகச் சரியாக எடுத்துக்கொள்ளும். ‘அட் டைம் சோன்’ என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் +05:30 கொடுத்தால் அது போசிக்ஸ் மரபு. ஐந்தரை மணி பின்னே போய்விடும். மொத்தம் பதினொரு மணி நேரப் பிசகு. அந்த இடத்தில் எண் வேண்டாம், பெயரைக் கொடுங்கள். ‘எட்சி’ பெயர்களில் அரை மணிக் கணக்கே கிடையாது என்பதால், இலங்கைக்கோ இந்தியாவுக்கோ அவை எப்படியும் உதவா. ஆசிரியர்கள் தெரிவுசெய்யும் பட்டியலிலிருந்து அவற்றை முழுதாக எடுத்துவிடுங்கள்.

சென்னைக் கோப்பின் கதை வேறு. ஐஎஸ்டி என்றால் இந்திய நேரம் என்று நாம் நினைக்கிறோம். இஸ்ரேலில் அது இஸ்ரேல் நேரம், யூடிசிக்கு இரண்டு மணி முன்னே. அயர்லாந்தில் கோடைகால நேரத்துக்கும் அதே மூன்றெழுத்து. போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பில் ஐஎஸ்டி என்பது இஸ்ரேல். சென்னையின் 19:00 அங்கே யூடிசி 17:00 ஆகிறது, கிளிநொச்சியில் அது இரவு 10.30. கணக்கு நேராக வருகிறதா? ஜாவாவின் குறும்பெயர்ப் பட்டியலில் அதே ஐஎஸ்டி கொல்கத்தாவைக் குறிக்கும். சேர்வரில் ஜாவா ஒன்று சொல்ல, தரவுத்தளம் வேறொன்று சொல்லும். இரண்டும் தத்தம் ஆவணப்படி சரி. பிஎஸ்டி பிரித்தானியாவின் கோடை நேரம், ஜாவாவின் அந்தப் பட்டியலிலோ டாக்கா. சிஎஸ்டி சிக்காகோவுக்கும் சீனாவுக்கும் கியூபாவுக்கும் பொது.

போஸ்ட்கிரெஸில் குறும்பெயர்த் தொகுப்பை ‘இந்தியா’ என்று மாற்றும் அமைப்பு ஒன்று உண்டு. மாற்றினால் இந்தப் பிழை மறையும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளைக்குச் சேர்வரை மாற்றும்போது அந்த அமைப்பைக் கொண்டுபோக மறந்துவிடுவீர்கள், பிழை சத்தமில்லாமல் திரும்பி வரும். கோப்பை உள்வாங்கும் நிரலிலேயே அந்த மூன்றெழுத்தை வெட்டிவிட்டு, ‘இந்தக் கோப்பு சென்னையிலிருந்து வருவது, ஏசியா/கொல்கத்தா’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஆசிரியர்களிடமும் குறும்பெயர் கேட்காதீர்கள். ரொறன்ரோக்காரர்கள் யூலை மாதத்திலும் பழக்கத்தில் இஎஸ்டி என்றே எழுதுவார்கள், அது குளிர்கால நேரத்தின் பெயர். எந்த நகரம் என்று கேட்டால் போதும்.

இலங்கைக்கு நேர வலயத் தரவுத்தளத்தில் எழுத்துக் குறும்பெயரே கிடையாது. கொழும்பு வலயத்தில் நேரத்தை அச்சிடச் சொன்னால் +0530 என்று எண்தான் வரும். சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது நிம்மதி.

கொல்கத்தா பற்றி இன்னொன்று. பழைய பெயர் ‘ஏசியா/கல்கட்டா’. 2008இல் கொல்கத்தா ஆனது, பழையது மாற்றுப்பெயராக இன்னும் செல்லும். குரோம் உலாவி நீண்ட காலம் பழைய பெயரையே தந்துவந்தது, பயர்பொக்ஸ் புதியதைத் தந்தது. எனவே இரண்டு பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு ‘ஒரே வலயமா?’ என்று சோதிக்க வேண்டாம். விண்டோஸ் இன்னும் ஒரு படி மேலே போய்த் தனக்கென்று ‘ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்’ போன்ற பெயர்களை வைத்திருக்கிறது. ஐயானா பெயரோடு அவற்றைப் பொருத்தும் அட்டவணையை யூனிகோட் அமைப்பு வெளியிடுகிறது. உங்கள் மாணவர்களுக்குத் திரையில் ‘கிளிநொச்சி நேரம்’ என்று தாராளமாகக் காட்டலாம். ‘ஏசியா/கொலம்போ’ என்பது உள்ளே இருக்கும் திறவுகோல் மட்டும். நாட்டின் பெயரும் எல்லையும் அரசியலால் மாறும் என்பதால், அந்தப் பகுதியில் மக்கள்தொகை கூடிய நகரத்தின் பெயரை வைப்பது நேர வலயத் தரவுத்தளக்காரர்களின் வழக்கம்.

இனிச் சேமிப்பு. இங்கே பலர் ‘எல்லாவற்றையும் யூடிசியில் வை, கவலையை விடு’ என்பார்கள். பாதி உண்மை. நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி: யார் எப்போது உள்நுழைந்தார், எப்போது கட்டணம் செலுத்தினார், எப்போது வகுப்பு தொடங்கியது. அவை மாறா. நடக்கப்போகும் வகுப்புக்கு யூடிசி மட்டும் போதாது, ஏனென்றால் மணிக்கூட்டுச் சட்டத்தை எந்த அரசும் எந்த நாளிலும் மாற்றலாம். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது அதைத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. தேவாலயங்களும் சில ஊடகங்களும் ஏற்க மறுத்தன. ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. சில நாட்களில் அரசு பின்வாங்கியது. நேரத் தரவுத்தளக்காரர்கள் அந்த வாரத்தில் ஒரு பதிப்பை வெளியிட்டு, அடுத்ததில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வன்னியில் வளர்ந்த எவருக்கும் இது புதுமையான செய்தியல்ல.

அதனால் வகுப்பை இப்படி வையுங்கள்: உள்ளூர் மணிக்கூட்டு நேரம் ஒரு புலம், வலயப் பெயர் இன்னொரு புலம். யூடிசியை அவற்றிலிருந்து கணக்கிட்டு மூன்றாவது புலத்தில் வைக்கலாம். நேரத் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதை மீண்டும் கணக்கிடுங்கள். போஸ்ட்கிரெஸில் ‘டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்’ என்று ஒரு வகை இருக்கிறது. பெயரைப் பார்த்து வலயத்தையும் சேமிக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே போனதும் யூடிசி ஆக்கிவிட்டு, நீங்கள் கொடுத்த பெயரையும் ஒஃப்செட்டையும் மறந்துவிடும். வலயப் பெயருக்கு எழுத்துப் புலம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

எந்த வலயப் பெயரை வைப்பது என்பதற்கு நிரலில் விடை இல்லை. வகுப்பு யாருடைய மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டது என்று கல்வி நிலையத்தாரிடம் கேளுங்கள். பிள்ளைகள் நிலையத்துக்கு வந்து ஒன்றாக அமர்ந்து பார்க்கிறார்கள், வீடு திரும்ப பஸ் பிடிக்க வேண்டும் என்றால், இரவு 7.00 என்பது கிளிநொச்சியின் 7.00. அப்படியானால் கொழும்பு வலயம். ரொறன்ரோ ஆசிரியர்தான் குளிர்காலத்தில் 8.30க்கும் கோடையில் 9.30க்கும் வர வேண்டும், மாற்றத்துக்கு முதல் வாரமே அவருக்குச் செயலி அறிவித்தல் அனுப்ப வேண்டும். மாறாக, அவர் வேலைக்குப் போகுமுன் 8.30க்கு மட்டுமே கற்பிக்க முடியும் என்றால் ரொறன்ரோ வலயம். அப்போது பிள்ளைகளுக்குக் கோடையில் வகுப்பு மாலை 6.00க்கு வந்துவிடும். இரண்டும் நியாயமானவை. ஆனால் முடிவெடுக்காமல் விட்டால், முடிவை உங்கள் நிரல் தன் போக்கில் எடுத்துவிடும், அதைத்தான் மார்ச்சில் பார்த்தீர்கள்.

நேரத் தரவின் பிரதி ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சேர்வரின் இயங்குதளம் ஒன்று வைத்திருக்கும், ஜாவா தனக்கொன்று வைத்திருக்கும், தொலைபேசி இன்னொன்று. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டுகளில் அந்தப் பிரதி பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். கணக்கைச் சேர்வரிலேயே செய்து, காட்ட வேண்டிய நேரத்தைத் தொலைபேசிக்கு அனுப்புவது பாதுகாப்பு. அனுப்பும்போது இணைய முகவரியின் வினாப்பகுதிக்குள் +05:30 என்று அப்படியே வைத்தால், கூட்டல் குறி வெற்றிடமாக மாறிவிடும். அதை %2பி என்ற குறியீடாக மாற்றி அனுப்ப வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

இருக்கும் தரவைத் திருத்துவது பெரிய வேலையல்ல. முதலில் முழுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோ, லண்டன் ஆசிரியர்களுக்கு எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டால் போதும். வகுப்புகளின் யூடிசி நேரத்தில் பிழையில்லை, காட்டிய விதம்தான் பிழை. சென்னைக் கோப்பிலிருந்து வந்த வரிகள் மட்டும் உண்மையாகவே மாறியிருக்கின்றன. அவற்றிலிருந்து மூன்றரை மணியைக் கழியுங்கள், வேறு எந்த வரியையும் தொடாமல். வரவுப் பதிவுகளில் கை வைக்க வேண்டாம்.

பிறகு சோதனை. 2025 மார்ச் 8, 15, 30, ஒக்டோபர் 26, நவம்பர் 2 ஆகிய திகதிகளில் மூன்று ஆசிரியர்களுக்கும் ஒரே வகுப்பு என்ன நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். சாத்திரியாரின் செயலிக்கு இரண்டு நேரங்கள் முக்கியம். 1996 மே 25 அதிகாலை 12.30 என்ற நேரம் கொழும்பு வலயத்தில் இல்லவே இல்லை, மணிக்கூடு 12.00இலிருந்து 1.00க்குத் தாவியது. 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.15 இரண்டு தடவை வந்தது. ஜாவா கேட்காமலே முந்தியதை எடுத்துக்கொள்ளும். கொல்கத்தா வலயத்தில் இரண்டும் சாதாரண நேரங்கள். இந்த இரண்டுக்கும் செயலி பயனரிடம் கேள்வி கேட்க வேண்டும், தானாக விடை சொல்லக் கூடாது. அப்படிச் செய்தும் பிசகினால், எந்த மொழி, எந்த நூலகம், தரவுத்தளத்தின் பதிப்பு எண் என்ன என்பதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.